உங்கள் பாகம் எண் என்ன, சார்?

2022 பிப்ரவரி. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலுக்கு ஒரு வாரமே இருந்த ஞாயிற்றுக்கிழமை. காலைக் காபியின் இரண்டாவது சுற்று நடந்துகொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஐந்து பேர். முன்னால் நின்றவர் கைகூப்பினார், நோட்டீஸ் ஒன்றை நீட்டினார். வேட்பாளர் அவர் இல்லை, அவருடைய மனைவி. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. நோட்டீஸில் மனைவியின் படத்தைவிடக் கணவரின் படம் கொஞ்சம் பெரியதாக இருந்தது.

நான் விடவில்லை. நவம்பர் மழையில் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்ததைச் சொன்னேன். மழைநீர் வடிகாலைத் தெரு முக்கு வரை கட்டிக்கொண்டு வந்து, பெரிய கால்வாயோடு சேர்க்காமல் அப்படியே விட்டுவிட்டுப் போனதைச் சொன்னேன். முக்கில் நிற்கும் தண்ணீர் எங்கள் பக்கம் திரும்பி வருவதைக் கையால் வரைந்தே காட்டினேன். மூன்று இரவுகள் மோட்டார் வைத்து இறைத்த கதையையும் விடவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அதற்குள் பின்னால் இருந்த ஒரு தம்பி, கையில் வைத்திருந்த கத்தைத் தாள்களில் எங்கள் கதவு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தான்.

“உங்கள் பாகம் எண் என்ன, சார்?” என்றான்.

எனக்குப் புரியவில்லை. “எந்தப் பாகம்?”

“வாக்காளர் பட்டியலில் உங்கள் தெரு வருகிற பகுதியின் எண், சார். இந்தக் கதவு எண்ணில் உங்கள் பெயரைக் காணவில்லையே.”

“என் ஓட்டு ஊரில் இருக்கிறது. மன்னார்குடிப் பக்கம்.”

வேட்பாளரின் கணவர் அந்தத் தம்பியைப் பார்த்தார். தம்பி என்னைப் பார்த்தான். பிறகு, மிகவும் மரியாதையாக, என் கையிலிருந்த நோட்டீஸை வாங்கிக் கட்டோடு சேர்த்துக்கொண்டான். “தவறாக நினைக்காதீர்கள் சார், எண்ணித்தான் கொடுத்திருக்கிறார்கள்.”

அன்று முழுவதும் எரிச்சலாக இருந்தது. இரவில் யோசித்துப் பார்த்தபோதுதான் சிரிப்பு வந்தது. அவர்கள் கணக்கில் எந்தத் தப்பும் இல்லை. பதினான்கு வருடமாக நான் அந்தத் தெருவில் குப்பை போடுகிறேன், வாடகையோடு சேர்த்துச் சொத்து வரியையும் கட்டுகிறேன், தண்ணீர் இறைக்கிறேன். ஆனால் அந்த வார்டின் பட்டியலில் என்னை எண்ணுவதற்கு ஒரு வரி கூட இல்லை.

பிப்ரவரி 19, சனிக்கிழமை. அரசு விடுமுறை. எங்கள் தெரு முனையில் இஸ்திரி போடும் அண்ணன் காலை எட்டு மணிக்கே ஓட்டுப் போட்டுவிட்டு வந்து கரியை ஊதிக்கொண்டிருந்தார். துணி மூட்டையை வாங்கும்போது விரலில் மை தெரிந்தது. “போய்விட்டு வந்துவிட்டீர்களா?” என்று இயல்பாகக் கேட்டார். நான் மழுப்பினேன். மாலையில் பால்கனியில் நின்று பார்த்தால் எங்கள் குடியிருப்பின் வண்டிகள் எல்லாம் காலையில் நின்ற இடத்திலேயே நின்றன. அந்தத் தேர்தலில் சென்னை மாநகராட்சியில் பதிவான வாக்கு 44 சதவீதத்தைத் தொடவில்லை. அதே நாளில் பேரூராட்சிகளில் 75 சதவீதத்தை ஒட்டியும், நகராட்சிகளில் 68 சதவீத அளவிலும், மாநகராட்சிகளில் மொத்தமாக 52 சதவீத அளவிலும் மக்கள் வாக்களித்திருந்தார்கள். ஊர் பெரிதாகப் பெரிதாக ஓட்டு சுருங்குகிறது. நகரத்தாருக்கு அக்கறை இல்லை என்று தொலைக்காட்சியில் நான்கு பேர் நான்கு நாள் திட்டினார்கள். ஆனால் அந்த 44-க்குள் வேறொரு கதை இருக்கிறது. பிறகு அதற்கு வருகிறேன்.

முதலில் ஊர் ஓட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதைப் படிக்கிற பலரிடமும் அது இருக்கிறது.

ஊர் ஓட்டு என்பது ஓட்டு மட்டும் இல்லை. பழைய வீட்டுச் சாவியைப் போல அதுவும் ஒரு பொருள். திறக்க வீடு இல்லாவிட்டாலும் தூக்கிப் போட மனம் வராது. 2019 டிசம்பர் கடைசி வாரத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, நான் இரவு பஸ் பிடித்துப் போய் ஓட்டுப் போட்டேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் சாவடி. கிராமத்துக்கு இயந்திரம் கிடையாது, வாக்குச்சீட்டுதான். ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள் என்று நான்கு சீட்டுகளையும் சேர்த்துக் கையில் கொடுத்தபோது சீட்டாட்டத்துக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது. மறைப்புக்குப் பின்னால் முத்திரையை மையில் ஒற்றி ஒவ்வொன்றாகக் குத்தி, மை எதிர்ப்பக்கத்தில் படாமல் மடிக்க வேண்டும். எனக்கு முன்னால் போன ஆயா நான்கையும் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். “பெட்டியில் போடுங்கள் ஆயா” என்று அதிகாரி பின்னாலேயே ஓடினார்.

எங்கள் பக்கத்து வீட்டுச் சித்தப்பா அந்தத் தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு நின்று மூன்று ஓட்டில் தோற்றார். அந்த மூன்று பேர் யார் யார் என்று இன்றைக்கும் சொல்வார். பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரு வருடம் அதில் என் அப்பாவும் இருந்தார்.

அந்த ஊரில் ஓட்டுக்கு இருக்கிற எடை அது. மூன்று ஓட்டு என்றால் மூன்று முகம். ஆனால் அங்கே நான் போட்ட இளஞ்சிவப்புச் சீட்டால் வந்த தலைவர் போட்ட குழாயில் நான் ஒரு குடம் தண்ணீர் பிடித்ததில்லை. அவர் போட்ட சிமென்ட் சாலையில் பொங்கலுக்கு இரண்டு நாள் நடப்பேன், அவ்வளவுதான். நான் தினமும் மிதிக்கிற சாக்கடைக்குப் பொறுப்பானவரைத் தேர்ந்தெடுக்க இஸ்திரி அண்ணனும் இன்னும் சிலரும் போதும் என்று விட்டிருந்தேன்.

ஓட்டை மாற்றப் போகிறேன் என்று அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“அப்படியானால் இனிமேல் தேர்தலுக்கு வரமாட்டாயா?”

“பொங்கலுக்கு வருவேனே அப்பா.”

“பொங்கலுக்கு எல்லாரும்தான் வருவார்கள்.”

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

2022 நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கான சிறப்பு முகாம் சனி, ஞாயிறுகளில் நடந்தது. பக்கத்து அரசுப் பள்ளியில் மர பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கென்று தனியாக எங்கும் பெயர் கொடுக்க வேண்டியதில்லை என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது. சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலைத்தான் மாநிலத் தேர்தல் ஆணையம் எடுத்து வார்டு வார்டாகப் பிரிக்கிறது. அந்தப் பட்டியலில் உங்கள் முகவரி எங்கே இருக்கிறதோ அந்த வார்டில்தான் நீங்கள். ஆகவே தொகுதிக்குள்ளேயே நான்கு தெரு தள்ளி வீடு மாறியவர்கள்கூட முகவரியை மாற்ற வேண்டும். எம்.எல்.ஏ. தேர்தலுக்கு அது பெரிய விஷயம் இல்லை, கவுன்சிலர் தேர்தலுக்கு அதுதான் விஷயம். 2021 அக்டோபரில் கோவை மாவட்டம் குருடம்பாளையம் ஊராட்சியில் ஒரு வார்டு வேட்பாளர் ஒரே ஒரு ஓட்டு வாங்கி நாடு முழுவதும் கேலிக்கு ஆளானார். வீட்டார் ஓட்டுக்கூட விழவில்லையா என்று சிரித்தார்கள். அவரும் அவர் குடும்பமும் வேறு வார்டில் வாக்காளர்கள். தனக்கே தான் ஓட்டுப் போட முடியாத இடத்தில் நின்றிருந்தார். அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொண்டவன்தான், மன்னார்குடி ஓட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு.

வீடு மாறியவருக்குப் படிவம் 8. முதன்முதலாகப் பெயர் சேர்ப்பவருக்குப் படிவம் 6. இறந்தவர், வெளியேறியவர் பெயரை நீக்கச் சொல்வதற்குப் படிவம் 7. முன்பெல்லாம் தொகுதி விட்டுத் தொகுதி போனால் ஒரு படிவம், தொகுதிக்குள் மாறினால் இன்னொரு படிவம் என்று குழப்பமாக இருந்தது. 2022 ஆகஸ்ட் முதல் இடமாற்றம், பிழைதிருத்தம், அட்டை தொலைந்தால் மாற்று அட்டை, எல்லாம் படிவம் 8-க்குள் வந்துவிட்டது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் செயலியிலும் வீட்டிலிருந்தே நிரப்பலாம். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். பழைய இடத்தில் பெயரை நீக்க மறுபடி அலைய வேண்டாம், இங்கே சேர்ந்ததும் அங்கே எடுத்துவிடுவார்கள். அட்டை எண் மாறாது. இரண்டு இடத்திலும் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சாமர்த்தியமாக நினைக்கிறார்கள். அது சட்டப்படி கூடாது. அப்படி இல்லை என்று பொய் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கிறது.

என் சிக்கல் முகவரிச் சான்று. மின்கட்டண அட்டை வீட்டுக்காரர் பெயரில். வாடகை ஒப்பந்தம் இருபது ரூபாய் முத்திரைத்தாளில், பதிவு செய்யாதது. கேட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆனால் “ஓட்டு” என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். இந்த முகவரியில் என் பெயர் ஏறிவிட்டால் நாளைக்கு வீட்டையே எழுதிக் கேட்பேன் என்று நினைத்தாரோ என்னவோ. வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதால் யாருக்கும் வீட்டின் மேல் உரிமை வந்துவிடாது என்று சொன்னேன். “தெரியும் தம்பி, ஆனாலும்…” என்று இழுத்தார். அந்த ‘ஆனாலும்’ சென்னையில் எத்தனை லட்சம் வாடகைதாரர்களின் ஓட்டைத் தின்றிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இந்த இடத்தில் உத்திரமேரூரை நினைத்துக்கொண்டேன். உள்ளாட்சி என்று வாயைத் திறந்தாலே மேடையில் குடவோலையும் திறந்துவிடும். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஆயிரத்து நூறு ஆண்டுப் பழைமை, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுச் சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னது, கணக்குக் காட்டாதவரும் அவரது உறவினரும் நிற்கக் கூடாது என்றது, எல்லாம் பெருமைக்குரியதுதான். ஆனால் குடத்துக்குள் பெயர் போக வேண்டுமானால் என்ன தகுதி என்று அதே கல்வெட்டு சொல்வதைப் பேச்சாளர்கள் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். என் ஓலை அந்தக் குடத்தின் வாயைக்கூடப் பார்த்திருக்காது. குடியிருந்தால் போதும், குடக்கூலியாக இருந்தாலும் சரி என்ற நிலைக்கு வந்து சேர நமக்கு ஆயிரம் வருடம் பிடித்திருக்கிறது. அப்படி வந்த பிறகு, வீட்டுக்காரர் முகம் சுளித்தார் என்று திரும்பிப் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வழி இருந்தது. எரிவாயு இணைப்பு என் பெயரில், இந்த முகவரியில். வங்கிக் கணக்குப் புத்தகத்திலும் இந்த முகவரிதான். ஆதாரில் முகவரியை மாற்றியிருந்தால் அதுவும் ஆகும். எதுவுமே இல்லாதவர்களுக்கும் கதவு மூடவில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து, இவர் இங்கேதான் குடியிருக்கிறார் என்று பார்த்து எழுத வேண்டும். எல்லாரும் பி.எல்.ஓ. என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

எங்கள் பி.எல்.ஓ. அங்கன்வாடிப் பணியாளர். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, தோளில் துணிப்பை, காலில் தேய்ந்த செருப்போடு மூன்று மாடி ஏறி வந்தார். தண்ணீர் குடித்துவிட்டுப் பட்டியலை மேசையில் விரித்தார். எங்கள் கதவு எண்ணுக்கு எதிரே ஏழு பெயர்கள் இருந்தன. அவற்றில் ஒன்று வீட்டுக்காரரின் அம்மா. நாங்கள் குடிவருவதற்கு முன்பே காலமாகிவிட்டவர். மூன்று பேர் எங்களுக்கு முன்னால் இருந்த குடும்பம், ஓசூருக்குப் போய்விட்டார்கள். மீதி மூன்று பேர் யாரென்று வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. வீட்டில் உண்மையில் இருந்த வயது வந்தோர் நான், மனைவி, மாமியார். அந்த ஏழில் நாங்கள் மூவரும் இல்லை.

“இந்த ஏழு பேரில் ஒருவரும் ஓட்டுப் போட வரமாட்டார்கள் அல்லவா?” என்று கேட்டேன்.

“இந்தத் தெரு முழுவதும் இப்படித்தான் சார்,” என்றார் அந்த அம்மா. “இருப்பவர் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருப்பவர் இல்லை.”

44 சதவீதத்துக்குள் இருக்கிற கதை என்று சொன்னேனே, அது இதுதான். நூறு பேரில் ஐம்பத்தாறு பேர் சோம்பேறிகள் என்று அந்த எண்ணைப் படிக்கிறோம். அந்த ஐம்பத்தாறில் எத்தனை பேர் மயானத்தில் இருக்கிறார்கள், எத்தனை பேர் ஓசூரில் இருக்கிறார்கள்? இன்னொரு பக்கம், என்னைப் போல அந்த நூறில் சேராமலே தெருவில் வாழ்கிறவர்கள் எத்தனை பேர்? இந்த மூன்றையும் பிரிக்காமல் நகரத்தாரின் அக்கறையின்மை என்று ஒரே போடாகப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சோம்பேறிகளும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே ஒருவன் இருந்தான்.

2025 நவம்பர் 4 முதல் தமிழ்நாட்டில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் டிசம்பர் 19-ஆம் தேதி வந்த வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல். பெரும்பகுதி இடம் மாறியவர்கள், இறந்தவர்கள் என்று கணக்குக் காட்டப்பட்டது. அதன் அரசியலைப் பற்றித் தனியாகச் சண்டை போடலாம். இங்கே நான் சொல்ல வருவது ஒன்றுதான்: கையில் அட்டை இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அந்த அட்டையை வைத்துக்கொண்டு சாவடி வாசலில் வெயில் காயலாம். பட்டியலில் பெயர் இருந்து அட்டை தொலைந்துபோயிருந்தால், வேறு அடையாள ஆவணத்தைக் காட்டி ஓட்டுப் போட்டுவிடலாம்.

அந்தத் திருத்தத்தின்போது 2002 அல்லது 2005-ஆம் ஆண்டுப் பட்டியலில் நம் பெயர் எங்கே இருந்தது என்று கேட்டார்கள். என் பழைய பெயர் ஊரில் அல்லவா இருந்தது? அப்பாவுக்கு அழைத்தேன். என் பிறந்த தேதியை வருடா வருடம் அம்மா நினைவூட்ட வேண்டிய மனிதர், என் பழைய பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் ஒரு மூச்சில் சொன்னார். “நான் எழுதி வைத்திருக்கிறேன்” என்றார். எங்கே என்று கேட்கவில்லை. சாமி அறைக் கதவின் உட்புறம், சுண்ணாம்பில் பென்சிலால் எழுதிய பால் கணக்குக்குப் பக்கத்தில் என்று பிறகு அம்மா சொன்னாள்.

என் பெயர் ஏறிய பிறகு எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. மனைவி அதை அப்படித்தான் சொல்கிறாள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். எங்கள் குடியிருப்பில் இருபத்து நான்கு வீடுகள். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வீடாக ஏறி, யார் இருக்கிறார்கள், யார் பெயர் எங்கே என்று எழுதினேன். வயது வந்தோர் அறுபத்தொரு பேர். இந்த முகவரியில் ஓட்டு இருந்தவர்கள் இருபத்திரண்டு பேர். மழைக்காலத்தில் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் கவுன்சிலரைத் திட்டுகிறவர்களில் முதல் ஐந்து பேருக்கும் இங்கே ஓட்டு இல்லை என்பதைக் கண்டுபிடித்தபோது, அதைக் குழுவில் போட்டுவிடலாமா என்று கை பரபரத்தது. போடவில்லை. எனக்கே பதினான்கு வருடம் ஆயிற்று.

ஒவ்வொரு கதவிலும் ஒரு கதை. ஊர் ஓட்டை எடுத்தால் குலதெய்வக் கோயில் வரியில் பெயர் வராது என்று ஒருவர் நம்பினார். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஓட்டை மாற்றினால் ரேஷன் அட்டை போய்விடும் என்று ஓர் அக்கா பயந்தார். இரண்டும் வேறு வேறு துறை. மின்பொறியாளர் ஒருவர், “கவுன்சிலருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?” என்று கேட்டார். அவர் வீட்டுக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், மாடிக்குப் போட்ட சொத்து வரி, தெருவிளக்கு, குப்பை வண்டி, பக்கத்துப் பூங்கா, கொசு மருந்து, மயானம் வரை எல்லாம் உள்ளாட்சியின் பொறுப்பு என்று அடுக்கினேன். “மயானம் வரை” என்றதும் அவர் அம்மா உள்ளே இருந்து, “அபசகுனமாகப் பேசாதீர்கள்” என்று குரல் கொடுத்தார்.

இரண்டாம் மாடி மாமிக்கு எண்பத்தொன்று வயது. நாற்பது வருடமாக அதே வீடு, ஒரு தேர்தலையும் விட்டதில்லை. 2022-இல் போனபோது பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எப்படியோ நீங்கியிருக்கிறது. அந்த அவமானத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. படிவம் 6-ஐ நிரப்பும்போது கையெழுத்துப் போட ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். எழுத்து எழுத்தாக. “இந்தத் தடவை பெயர் வருமா?” என்று வாரத்துக்கு ஒரு முறை மாடிப்படியில் நிறுத்திக் கேட்பார். வந்த அன்று எனக்கு ஒரு டப்பா தட்டை கிடைத்தது.

எங்கள் காவலாளி விழுப்புரம் பக்கத்துக்காரர். அவரையும் கேட்டேன். “எனக்கு இங்கே வேலைதான் சார் இருக்கிறது, வீடு அங்கே” என்றார். மனைவி, பிள்ளைகள், இரண்டு மாடு அங்கே. வருடத்தில் எப்போது வேலை போகும் என்று தெரியாது. அவர் சொன்னதுதான் சரி. அவர் பெயருக்கு எதிரே நோட்டில் கோடு போட்டுவிட்டேன். எல்லாரும் மாற்றியே ஆக வேண்டும் என்று இல்லை. அடுப்பு எங்கே எரிகிறதோ அங்கே ஓட்டு இருக்கட்டும், அவ்வளவுதான் என் கட்சி.

நான்காம் மாடிப் பையனுக்கு அப்போது பதினேழு முடிந்திருந்தது. பதினெட்டு ஆனால்தானே என்றான். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி என்று வருடத்தில் நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன. பதினேழு முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பித்து வைக்கலாம் என்றேன். பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் ஆர்வத்தில் நிரப்பினான். கவுன்சிலர் என்றதும் உதட்டைப் பிதுக்கினான். அவனுக்காக ஒரு கணக்குப் போட்டேன். 2022-இல் சென்னையில் 200 வார்டுகளுக்கு 61 லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள், சராசரியாக வார்டுக்கு முப்பதாயிரம். வந்தவர்கள் பதின்மூன்றாயிரம் சொச்சம். பல முனைப் போட்டியில் அது பிரிந்தால் ஐந்து, ஆறாயிரம் வாங்கியவர் வெற்றி. எம்.பி. தொகுதியில் அவன் ஓட்டு பத்துப் பதினைந்து லட்சத்தில் ஒன்று. இங்கே ஒரு குடியிருப்பு திரண்டு போனாலே வேட்பாளருக்குத் தூக்கம் போகும். “அப்படியானால் அம்மாவின் அபார்ட்மென்ட் குழுவே ஒரு கட்சி ஆரம்பிக்கலாமே” என்றான். அந்தக் குழுவின் சண்டைகளை அறிந்தவன் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. 2011-இல் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அறிவித்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகு வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு, மேல்முறையீடு என்று நகரங்களில் 2022 பிப்ரவரி வரை, ஐந்தேகால் வருடம், தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினர்கூட இல்லை. தனி அலுவலர்கள் நடத்தினார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் போகாமல், காலம் முடிவதற்கு முன்பே தேர்தலை முடித்துவிட வேண்டும் என்று அரசியல் சாசனத்தில் எழுதியிருக்கிறது. அந்த ஐந்தேகால் வருடத்தில் எங்கள் தெருவில் ஒருவர்கூட “கவுன்சிலர் எங்கே?” என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. நான் கேட்கவில்லை. பால் பாக்கெட் ஒரு நாள் வராவிட்டால் ஏழு மணிக்குள் மூன்று பேருக்குத் தொலைபேசி போகிறது. கிராமங்களிலும் 2019-இல் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, மறுபடி தனி அலுவலர்கள் கைக்குப் போயிற்று. ஓட்டு இல்லாதவன் கேட்க முடியாது. ஓட்டு இருக்கிறவனும் கேட்காவிட்டால் யாருக்கு என்ன அவசரம்?

எங்கள் வடிகால் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பாதி ஆயிற்று. முக்கிலிருந்து கால்வாய் வரை பள்ளம் தோண்டினார்கள், குழாய் போட்டார்கள், மேலே மூடி இன்னும் சில இடங்களில் ஆடுகிறது. அதற்கு எங்கள் நோட்டுதான் காரணம் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒன்று நடந்தது. போன வருடம் தெருவிளக்கு எரியவில்லை என்று கவுன்சிலர் எண்ணுக்கு அழைத்தேன். கணவர் எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். எடுத்தது கவுன்சிலரேதான். கணவரின் குரல் பின்னணியில் எங்கோ டிபன் கேட்டுக்கொண்டிருந்தது. முகவரி சொன்னேன். “உங்கள் பாகம் எண்?” என்றார். சொன்னேன், வரிசை எண்ணோடு. “அந்த நோட்டு வைத்திருக்கிற சார்தானே?” என்று கேட்டார். மறுநாள் ஏணியோடு இருவர் வந்தார்கள்.

சந்தோஷப்பட்டேன். கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. ஓட்டு இருக்கிறவனுக்கு மட்டும் விளக்கு என்பது சரியில்லை. அந்த வெளிச்சத்தில் விழுப்புரத்து அண்ணனும்தான் இரவு முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் 2022-இல் கைக்கு வந்த நோட்டீஸ் திரும்பிப் போனதையும் என்னால் மறக்க முடியவில்லை.

அப்போது பொறுப்பேற்ற நகர்ப்புற உறுப்பினர்களின் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. தேதி அறிவித்த பிறகு ஓடினால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். நோட்டில் இன்னும் ஒன்பது பேர் பாக்கி. அதில் நான்கு பேர் என்னைப் பார்த்தால் லிஃப்டைத் தவிர்த்துப் படியில் இறங்குகிறார்கள். இன்று காலை மூன்றாம் மாடிக்குச் சாமான் லாரி வந்து நின்றது. இளம் தம்பதி, மதுரைப் பக்கம் போலப் பேச்சு. படிவம் 8 இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். முதலில் அவர்கள் பால் காய்ச்சி முடிக்கட்டும், அதற்குள் போய் நிற்காதீர்கள் என்று மனைவி கதவைச் சாத்தி வைத்திருக்கிறாள்.